பிறந்த 60 நொடியில் குழந்தைக்கு மார்க்: 'அப்கார் ஸ்கோர்' கண்டுபிடித்த மயக்க மருந்து டீச்சர் யார்?

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். அதில் குழந்தையின் எடை, பிறந்த நேரம் எல்லாம் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'அப்கார்' என்று ஒரு வரி இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 8/10, 9/10 என்று இரண்டு எண்கள் இருக்கும். குழந்தை பிறந்த 1-வது நிமிடத்தில் ஒரு மார்க், 5-வது நிமிடத்தில் இன்னொரு மார்க்.

ஏதோ ஒரு டெஸ்ட்டின் பெயர் என்று நினைத்து நாம் கடந்துபோய்விடுவோம். உண்மையில் அது ஒருவரின் பெயர். டாக்டர் வர்ஜீனியா அப்கார். அவர் குழந்தைகள் நல டாக்டரா என்றால், இல்லை. பிரசவம் பார்க்கும் டாக்டரா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மருத்துவ மாணவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது எப்படி என்று பாடம் எடுத்த பேராசிரியர்.

மயக்க மருந்து டாக்டருக்கும் அப்போதுதான் பிறந்த குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? அந்த சம்பந்தத்தில்தான் அவருடைய வாழ்க்கைக் கதையே இருக்கிறது.

ரேடியோ அப்பா, இசை வீடு

வர்ஜீனியா அப்கார் 1909 ஜூன் 7-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பா சார்லஸ் அப்காருக்கு வானியலிலும் ரேடியோவிலும் தீராத ஆர்வம். முதல் உலகப் போர் காலத்தில், நியூயார்க்குக்கு அருகில் இருந்த ஜெர்மன் வயர்லெஸ் நிலையம் ஒன்றின் சிக்னல்களை வீட்டிலிருந்தே பதிவு செய்து அமெரிக்க அரசிடம் கொடுத்தவர் அவர். ரகசியத் தகவல்கள் வெளியே போவதைக் கண்டுபிடிக்க அந்தப் பதிவுகள் உதவின. 1915-ல் அந்த நிலையத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிப்பார்கள். சின்ன வயதிலேயே வயலின் கற்றுக்கொண்டார் வர்ஜீனியா. இன்னொரு பக்கம் வீட்டில் நோயும் இருந்தது. அண்ணன் ஒருவர் சிறு வயதிலேயே காசநோயில் இறந்துபோனார். இன்னொரு அண்ணனுக்குத் தீராத உடல்நலக் குறைவு. பள்ளிக்கூடம் முடிக்கும்போதே டாக்டர் ஆவது என்று வர்ஜீனியா முடிவு செய்திருந்தார்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். கையில் காசு கிடையாது. அதனால் படித்துக்கொண்டே பல பகுதி நேர வேலைகள் பார்த்தார். அதில் ஒன்று, விலங்கியல் லேபுக்காகத் தெருப் பூனைகளைப் பிடித்து வருவது! 1929-ல் பட்டம் வாங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அடுத்த மாதமே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. நாடு முழுக்க வேலை போனது, பேங்க்குகள் மூடின. கடன் வாங்கித்தான் மருத்துவம் படித்து முடித்தார் வர்ஜீனியா. 1933-ல் வகுப்பிலேயே 4-வது இடத்தில் வந்து பட்டம் வாங்கியபோது அவர் தலையில் சுமார் 4,000 டாலர் கடன் இருந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை.

சர்ஜன் ஆக முடியாமல் போனது ஏன்?

வர்ஜீனியாவுக்கு சர்ஜன் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. நியூயார்க்கின் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். வேலையிலும் நல்ல பெயர்.

அங்கே அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் ஆலன் விப்பிள். கணையப் புற்றுநோய்க்கு இன்றும் செய்யப்படும் 'விப்பிள் சர்ஜரி' இவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் வர்ஜீனியாவைக் கூப்பிட்டு, சர்ஜரியைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காரணம் திறமைக் குறைவு இல்லை. பயிற்சி பெற்ற பெண் சர்ஜன்கள் நோயாளிகள் கிடைக்காமல் திணறுவதை விப்பிள் பார்த்திருந்தார். ஆண் சர்ஜன்களே வருமானம் இல்லாமல் தவித்த பொருளாதார மந்தக் காலம் அது. கடனோடு நிற்கும் ஒரு பெண் டாக்டர் எப்படிப் பிழைப்பார் என்பது அவருடைய கேள்வி.

இன்னொரு விஷயத்தையும் அவர் சொன்னார். மயக்க மருந்து முன்னேறாமல் அறுவை சிகிச்சை முன்னேற முடியாது. கெட்டிக்கார டாக்டர் ஒருவர் அந்தப் பக்கம் போக வேண்டும் என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காலத்தில் மயக்க மருந்துப் பக்கம் போ என்று ஒரு டாக்டரிடம் சொன்னால் என்ன அர்த்தம் தெரியுமா?

அப்போது மயக்க மருந்து கொடுத்தது யார்?

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலி இல்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பொதுவில் காட்டப்பட்டது. அதற்குப் பிறகு சுமார் 90 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்படியும் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்தது டாக்டர்கள் இல்லை. அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ்கள்தான் கொடுத்தார்கள். அவர்களில் மிகத் திறமையானவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் இதைத் தனி மருத்துவப் படிப்பாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லிக் கொடுக்கும் மருத்துவக் கல்லூரிகளும் குறைவு. சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு.

வர்ஜீனியா அந்தப் பாதையில் இறங்கினார். முதலில் தன் மருத்துவமனையின் நர்ஸ்களிடமே ஒரு வருடம் கற்றுக்கொண்டார். டாக்டர் பட்டம் வாங்கியவர் நர்ஸ்களின் வகுப்பில் உட்கார்ந்து படித்தது அன்றைக்கு அபூர்வம்.

அடுத்து 1937-ல் விஸ்கான்சின் மாகாணத்தின் மேடிசன் நகருக்குப் போனார். டாக்டர்களுக்கான மயக்க மருந்துப் பயிற்சியை, பல்கலைக்கழகத்தில் முறையான பாடத்திட்டத்தோடு 1927-ல் தொடங்கியவர் ரால்ஃப் வாட்டர்ஸ். அவரிடம் 6 மாதம். பிறகு நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், வாட்டர்ஸின் மாணவரான எர்னஸ்ட் ரோவன்ஸ்டைனிடம் 6 மாதம்.

போன இடங்களில் பெண் டாக்டர்கள் தங்குவதற்கு முறையான அறைகூடக் கிடையாது. பெல்வியூவில் பணிப்பெண்கள் தங்கும் பகுதியில் இடம் கொடுத்தார்கள். அங்கேயே தங்கிப் படித்து முடித்தார்.

தனி ஆளாக ஒரு பிரிவு

1938-ல் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனைக்குத் திரும்பிய வர்ஜீனியாவுக்கு மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் பதவி கொடுக்கப்பட்டது. அங்கே ஒரு பிரிவுக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். கேட்க நன்றாக இருக்கும். நிஜத்தில் அந்தப் பிரிவில் இருந்த டாக்டர், பெரும்பாலும் அவர் ஒருவர் மட்டுமே.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். புது டாக்டர்களைச் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கொலம்பியா மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். இவ்வளவும் அவர் தலையில்.

மாணவர்கள் பலருக்கும் சர்ஜரி மீதுதான் கண். மயக்க மருந்து டாக்டரைத் தங்களுக்குச் சமமாக நடத்த சர்ஜன்கள் தயாராக இல்லை. தனியாக ஃபீஸ் வாங்கவும் அந்தத் துறையினருக்கு அனுமதி இல்லை. இந்த நிலையில் யார் வந்து சேருவார்கள்? 1940-களின் நடுப்பகுதி வரை ஆள் பற்றாக்குறை தீரவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு டாக்டர்கள் போனதும் சுமை இன்னும் கூடியது.

ஆனால் அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் அவரை மறக்கவில்லை. படபடவென்று வேகமாகப் பேசுவார். ஓயாத சுறுசுறுப்பு. முதுகெலும்பையும் இடுப்பு எலும்பையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊசி எங்கே நுழைய வேண்டும் என்று தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்.

மயக்க மருந்துப் பாடத்தில் என்ன இருக்கும்?

மருந்தின் பெயர், அளவு, எந்த வால்வை எவ்வளவு திறப்பது. இதெல்லாம் பாதிப் பாடம்தான். மீதிப் பாதி, நோயாளியைக் கவனிப்பது.

மயக்கத்தில் இருப்பவர் பேச மாட்டார். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லத் தெரியாது. இன்றைக்கு விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பீப் பீப் என்று கத்தும் மானிட்டர் எதுவும் அப்போது தியேட்டரில் கிடையாது. டாக்டரிடம் இருந்தது கண், காது, விரல் இவ்வளவுதான்.

எனவே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது இதுதான். நாடியில் விரல் வைத்துத் துடிப்பை எண்ண வேண்டும். மூச்சுக்கு ஏற்ப ரப்பர் பை உப்பிச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கை, தாடை தளர்ந்து எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும். இமையை லேசாகத் தொட்டால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். உதடும் நகமும் நீலம் பாரிக்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

துடிப்பு, மூச்சு, தசை, தூண்டினால் வரும் அசைவு, நிறம். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

கை நழுவிய பதவி, கிடைத்த பிரசவ வார்டு

போர் முடிந்த பிறகு மயக்கவியல் ஒரு தனி மருத்துவத் துறை என்ற நிலை மெல்ல வந்தது. 1949-ல் கொலம்பியாவிலும் அது தனித் துறையாக உயர்த்தப்பட்டது. 11 வருடம் அந்தப் பிரிவைத் தூக்கிச் சுமந்த வர்ஜீனியாதான் அதன் முதல் தலைவர் ஆவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவருக்கும் இருந்தது. ஆனால் பதவி, வெளியிலிருந்து வந்த இமானுவேல் பேப்பர் என்ற டாக்டருக்குப் போனது.

வர்ஜீனியாவுக்குக் கிடைத்தது முழுப் பேராசிரியர் பதவி. கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் அந்த நிலையை அடைந்த முதல் பெண் அவர். ஏமாற்றம்தான். ஆனால் நிர்வாக வேலை கையை விட்டுப் போனதில் ஒரு வசதியும் கிடைத்தது. வகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நேரம் இருந்தது. அதே வளாகத்தில் இருந்த ஸ்லோன் மகளிர் மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போனார். பிரசவத்தில் தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து, அதுவரை அதிகம் பேர் கவனிக்காத பகுதி.

அங்கே அவர் கண்ணில் பட்டது வேறொன்று.

குழந்தை பிறந்த உடனே டாக்டர், நர்ஸ் எல்லோர் கவனமும் தாய் மீது போய்விடும். ரத்தப்போக்கு நிற்க வேண்டும், தையல் போட வேண்டும். குழந்தை ஒரு ஓரத்தில் இருக்கும். அழுதால் நல்லது. அழாமல், நீலம் பாரித்து, துவண்டு கிடந்தால்? எவ்வளவு மோசம், உடனே என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே மாதிரியான அளவுகோல் கிடையாது. இது பிழைக்காது என்று விட்டுவிடுவதும் பல இடங்களில் நடந்தது.

இன்னொரு கணக்கும் இடித்தது. 1930-களில் இருந்து 1950-கள் வரை அமெரிக்காவில் குழந்தை இறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நடக்கும் இறப்பு மட்டும் குறையவில்லை.

கேன்டீனில் வந்த கேள்வி

1949-ல் ஒரு நாள் காலை. மருத்துவமனை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மயக்க மருந்துப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர், அப்போதுதான் பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அது ரொம்ப சுலபம் என்று சொன்ன வர்ஜீனியா, கையில் கிடைத்த ஒரு சின்ன அட்டையை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதினாராம். பிறகு அதைச் சோதித்துப் பார்க்க நேராகப் பிரசவ வார்டுக்குக் கிளம்பிவிட்டார் என்பார்கள்.

அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, அதே ஐந்துதான்! பிறந்த குழந்தையும் பேசாது. பார்ப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க். மொத்தம் 10.

- இதயத் துடிப்பு: துடிப்பே இல்லை என்றால் 0. நிமிடத்துக்கு 100-க்குக் கீழே என்றால் 1. அதற்கு மேல் என்றால் 2.
- மூச்சு: மூச்சே இல்லை என்றால் 0. மெதுவாக, விட்டு விட்டு வந்தால் 1. நன்றாக மூச்சு விட்டு அழுதால் 2.
- தசை: துவண்டு கிடந்தால் 0. கை கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் 1. நன்றாக உதைத்து அசைத்தால் 2.
- தூண்டினால் வரும் அசைவு: மூக்கில் சிறு குழாய் வைத்தாலோ உள்ளங்காலைத் தட்டினாலோ எதுவும் நடக்கவில்லை என்றால் 0. முகம் சுளித்தால் 1. அழுதால், தும்மினால், இருமினால் 2.
- நிறம்: உடல் முழுக்க நீலம் அல்லது வெளிறியிருந்தால் 0. உடல் சிவந்து, கை கால் மட்டும் நீலமாக இருந்தால் 1. முழுவதும் சிவந்திருந்தால் 2.

இதற்கு மெஷின் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். கிராமத்து ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நியூயார்க்காக இருந்தாலும் ஒரே கணக்கு.

குழந்தை பிறந்து சரியாக 1 நிமிடத்தில் மார்க் போட வேண்டும் என்று வைத்தார். பிரசவம் பார்த்த டாக்டரே மார்க் போடக் கூடாது என்பதும் அவருடைய யோசனை. தான் எடுத்த குழந்தைக்குக் கூடப் போடத் தோன்றும் இல்லையா? அதனால் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். 1952-ல் ஒரு மயக்கவியல் மாநாட்டில் இதை முன்வைத்தார். 1953-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியானது.

மார்க் போட்டதால் என்ன மாறியது?

முதல் மாற்றம், குழந்தையை ஒருவர் கட்டாயம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது. மார்க் எழுத வேண்டும் என்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பார்த்தால், மூச்சு விடாத குழந்தையைச் சும்மா விட முடியாது.

இரண்டாவது மாற்றம், கேள்வி கேட்க எண்கள் கிடைத்தன. வர்ஜீனியாவின் முதல் கட்டுரையிலேயே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. மார்க் 8 முதல் 10 வரை வாங்கிய குழந்தைகளில் இறப்பு மிக மிக அரிது. 0 முதல் 2 வரை வாங்கிய குழந்தைகளில் 14 சதவீதம் பேர் பிழைக்கவில்லை. 1958-ல் வெளியான அடுத்த ஆய்வில் 15,348 குழந்தைகளின் கணக்கு இருந்தது.

மூன்றாவது மாற்றம்தான் அவரையே தொட்டது. சிசேரியன் செய்தபோது தாய்க்கு முழு மயக்கம் கொடுத்திருந்தால் குழந்தைக்கு மார்க் குறைவாக வந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தால் மார்க் கூடுதலாக வந்தது. தாய்க்குக் கொடுக்கும் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. தாய் தூங்கும்போது குழந்தையும் சேர்ந்து மயங்குகிறது.

அந்த நாளில் பெரிதும் புழங்கிய மயக்க வாயு, சைக்ளோபுரோபேன். சீக்கிரம் மயக்கும், சீக்கிரம் தெளியும். அதை 1930-களில் நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது மேடிசனில் இருந்த ரால்ஃப் வாட்டர்ஸின் குழு. அதாவது வர்ஜீனியாவின் குருநாதர். வர்ஜீனியாவுக்கும் மிகப் பிடித்த மருந்து அதுதான்.

ஸ்டான்லி ஜேம்ஸ், டங்கன் ஹோலடே என்ற இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து, தொப்புள்கொடி ரத்தத்தில் ஆக்சிஜனும் அமிலத்தன்மையும் எப்படி இருக்கின்றன என்று அளந்தார். மார்க் குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, அமிலம் கூடியிருந்தது. சைக்ளோபுரோபேன் வாங்கிய தாய்மார்களின் குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட அதிகம் துவண்டிருந்ததும் தெரிய வந்தது.

குரு கொடுத்த மருந்து, பல வருடம் தன் கையால் கொடுத்த மருந்து, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மருந்து. முடிவைப் பார்த்ததும் பிரசவத்தில் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கட்டுரை வெளியானதும் மற்ற மருத்துவமனைகளிலும் பிரசவத்தில் அதன் பயன்பாடு குறைந்தது. அவர் உருவாக்கிய மார்க் முறை முதலில் அவருடைய பழக்கத்தைத்தான் திருத்தியது.

பெயரே பாடமான கதை

ஐந்து விஷயத்தையும் மாணவர்கள் பரீட்சையில் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? 1960-களின் தொடக்கத்தில் கொலராடோவில் இருந்த ஜோசப் பட்டர்ஃபீல்டு என்ற குழந்தைகள் நல டாக்டருக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. அப்கார் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் பிரித்துப் போட்டார். அப்பியரன்ஸ் என்றால் நிறம், பல்ஸ் என்றால் துடிப்பு, கிரிமேஸ் என்றால் முகச் சுளிப்பு, ஆக்டிவிட்டி என்றால் தசை அசைவு, ரெஸ்பிரேஷன் என்றால் மூச்சு. அச்சு அசலாகப் பொருந்தியது.

இதற்குப் பிறகு அப்கார் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய சொல் என்றுதான் நினைத்தார்கள்.

50 வயதில் புதிய வேலை

1959-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார் வர்ஜீனியா. புள்ளிவிவரம் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று போனவர், திரும்பி ஆபரேஷன் தியேட்டருக்கு வரவில்லை. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற அமைப்பில் சேர்ந்தார். போலியோவை எதிர்த்துத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, தடுப்பூசி வந்த பிறகு பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பிரிவுக்குத் தலைவரானார்.

பிறவிக் குறையைக் குடும்ப அவமானமாக மறைத்து வைத்த காலம் அது. அமெரிக்கா முழுக்கச் சுற்றி, மருத்துவ மொழியை விட்டுவிட்டு சாதாரணப் பேச்சில் அதைப் பற்றிப் பேசினார். 1964-65-ல் அமெரிக்காவில் ரூபெல்லா அம்மை பரவி, கர்ப்பிணிகள் வழியாகச் சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். ரூபெல்லா தடுப்பூசி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். பெற்றோருக்காக ஒரு புத்தகமும் 1972-ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார்.

டெலிபோன் பூத் பலகையில் செய்த வாத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வெளியே அவர் இன்னொரு ஆள். வாத்தியம் வாசித்தது போதாமல் வாத்தியம் செய்யவும் கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவர் கார்லீன் ஹட்சின்ஸ். புகழ்பெற்ற வயலின் தயாரிப்பாளரான அவர், வர்ஜீனியாவுக்கு அறிமுகமானதே ஆஸ்பத்திரியில் நோயாளியாக வந்தபோதுதான்.

மருத்துவமனையில் இருந்த ஒரு டெலிபோன் பூத்தின் அலமாரிப் பலகை, மேப்பிள் மரத்தால் ஆனது. வயோலா செய்ய அதைவிட நல்ல பலகை கிடைக்காது என்று இருவருக்கும் தோன்றியது. ஒரு நாள் இரவு இரண்டு பேருமாகப் போய், வேறொரு பலகையை வைத்துவிட்டு அதை எடுத்து வந்துவிட்டார்கள்! அதில் செய்த வயோலாவை வர்ஜீனியா வாசித்தார். 50 வயதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டவும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

வெளியே போனாலும் கைப்பையில் பேனாக்கத்தியும் மூச்சுக் குழாயும் இருக்குமாம். எங்கே யாருக்கு மூச்சு நின்றாலும் உதவ வேண்டும் என்பதற்காக.

ஸ்கோர் குறைந்தால் பயப்பட வேண்டுமா?

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்குச் சில விஷயங்கள்.

பொதுவாக 7 முதல் 10 வரை என்றால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 4 முதல் 6 என்றால் உதவி தேவைப்படலாம். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசர நிலை. 1-வது நிமிடத்தில் 10-க்கு 10 வாங்கும் குழந்தைகள் குறைவு. ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் கை காலில் நீலம் இருக்கும். அதனால் 9 என்று பார்த்துவிட்டு அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று தேட வேண்டாம்.

இது குழந்தையின் புத்திசாலித்தனத்தைச் சொல்லும் மார்க் கிடையாது. எதிர்காலத்தில் எப்படி வளரும் என்றும் இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1-வது நிமிடத்தில் குறைவாக இருந்து 5-வது நிமிடத்தில் கூடினால், கொடுத்த உதவி வேலை செய்கிறது என்று பொருள்.

குழந்தை மூச்சு விடவில்லை என்றால் மார்க் போடும் வரை டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். உடனே சிகிச்சை தொடங்கிவிடும்.

நிறத்துக்குக் கொடுக்கும் மார்க் பற்றி இன்றும் விவாதம் இருக்கிறது. மாநிறமான, கறுப்பான குழந்தைகளின் தோலில் நீலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் உதடு, நாக்கு, உள்ளங்கையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஐந்தில் நிறம்தான் குறைந்த நம்பகத்தன்மை உள்ளது, இதயத் துடிப்புதான் மிக முக்கியம் என்று வர்ஜீனியாவே தன் முதல் கட்டுரையில் எழுதியிருந்தார்.

ஸ்டாம்ப்பில் வந்த முகம்

கல்லீரல் பாதிப்பால் 1974 ஆகஸ்ட் 7-ம் தேதி, தன் 65-வது வயதில் வர்ஜீனியா அப்கார் இறந்தார். தான் படித்த, வேலை செய்த, பாடம் எடுத்த அதே கொலம்பியா பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில்தான் உயிர் பிரிந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஸ்டாம்ப் சேர்ப்பதில் அவருக்கு ஆர்வம் உண்டு. 1994-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் முகம் பதித்த 20 சென்ட் ஸ்டாம்ப்பை வெளியிட்டது. அந்த விழாவில், அவர் கையால் செய்த வாத்தியங்களை டாக்டர்களே வாசித்தார்கள். அவற்றில் டெலிபோன் பூத் பலகையில் செய்த வயோலாவும் இருந்தது. 2018-ல் அவருடைய 109-வது பிறந்தநாளுக்குக் கூகுள் டூடுல் வெளியிட்டது.

சர்ஜன் ஆக வேண்டாம் என்று சொல்லப்பட்டவர், மரியாதை இல்லாத துறை என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் பாடம் எடுத்தார். உருவாக்கிய துறையின் தலைமையும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அந்த ஐந்து விஷயங்களை, அவர் பெயரிலேயே இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரசவ அறைகளில் இன்றும் கடிகாரத்தைப் பார்த்து முதல் நிமிட மார்க்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.